உள்ளுக்கு ஆர் போறது?

மின்சாரக் கம்பனி அனுப்பிய கடித உறையின்
வெறும் முதுகில்
ஹம்பேர்க் நகரத்தைக் கட்டத் தொடங்கினோம்.
வியாழன் இரவு, பத்தரை.
கேதீசனுக்கு விடிய நாலரைக்குப் பொதிக் கிடங்கு.
எனக்கு ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
நடுவில் மிச்சமிருந்த நேரத்தில்
இரண்டு பகல், ஒரு இரவு, நாலு பேர்,
இருநூற்று இருபது யூரோ.

பல்லுக்கென்று வைத்திருந்ததில் நாற்பது
அதற்குள் இருக்கிறது.
பல் பொறுக்கும் என்று
பல்லின் சொந்தக்காரரே சொல்லிவிட்டார்.

வேக ரயில் வேண்டாம்.
மாநிலச் சீட்டு எடுத்தால்
நின்று நின்று, பிரேமனில் மாறி,
ஓஸ்னாபுறுக்கிலிருந்து மூன்று மணித்தியாலம்.
"மூண்டு மணித்தியாலம் யன்னலோரம் சும்மா கிடைக்குது"
என்று கேதீசன் அதையும் ஒரு கண்காட்சி போல விற்றார்.

தங்க இளைஞர் விடுதி. ஒரே அறை,
இரண்டு கட்டிலுக்கு மேல் இரண்டு கட்டில்.
மேல்கட்டில் வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை.
படுக்கை விரிப்பை நாங்களே விரிக்க வேண்டுமாம்.
வருடம் முழுக்க விரிப்பு மடிக்கிறவளுக்கு
அந்த வரியில் சிரிப்பு வந்தது.

மதியத்துக்குப் பாணும் மாசிச் சம்பலும்.
தயிர் டப்பாவில் அடைத்து, டப்பாவைப் பையில் சுற்றி,
பையை இன்னொரு பையில் சுற்றி...
"மணக்கும் அம்மா, ஆக்கள் திரும்பிப் பார்ப்பினம்"
என்றாள் சாகித்யா, போனிலிருந்து தலை நிமிராமல்.
பார்க்கட்டும். பார்ப்பது இலவசம்.

இலவசம் என்ற தலைப்பின் கீழ்தான் எழுத்து நெருங்கியது.
ஆற்றுக்கு அடியால் நடந்து போகிற பழைய சுரங்கம்.
துறைமுகத்து வள்ளம், பஸ் சீட்டிலேயே ஏறலாம்.
"கப்பலோ?"
நித்திரை என்று நாங்கள் நினைத்திருந்த ஆதிரன்
கதவில் நின்றான்.
கப்பல்தான், என்றேன். கொஞ்சம் பஸ் மாதிரியான கப்பல்.

அதற்குப் பிறகு அந்த வரி வந்தது.
குட்டி ரயில்கள் ஓடுகிற கூடம்.
முழங்கை உயர மலை, நகத்தளவு மனிதர்,
கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால் இருட்டி
வீடு வீடாக விளக்கெரியும் ஊர்.
அங்கே போய் வந்துவிட்டதாகவே
ஆதிரன் பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறான்.
விலையை எழுதினேன்.
எழுதிய இடத்திலேயே பேனை நின்றது.

"எனக்கு உது சின்னப்பிள்ளைச் சாமான்.
நான் வெளியில நிக்கிறன்" என்றாள் சாகித்யா.
நேற்று, பூட்டிய குளியலறைக்குள்
அவளுடைய போனில்
ஒரு குட்டி ரயில் கூவியது
எனக்குத் தெரியும்.

"வெளியில வாங்கு ஒண்டு கட்டாயம் இருக்கும்.
நான் தண்ணியைப் பார்த்துக்கொண்டு இருப்பன்"
என்றார் கேதீசன். மகளின் அதே குரல்,
முப்பது வயது கூட.

"ஆராவது பைகளைப் பார்க்க வேணும்" என்றேன் நான்.
அந்த நேரம் அது நல்ல காரணமாகத்தான் பட்டது.

ஆதிரன் விரல் மடித்தான்.
அக்கா வெளியில. அப்பா வெளியில. அம்மா வெளியில.
நாலாவது விரலைப் பிடித்தபடி கேட்டான்:
"அப்ப உள்ளுக்கு ஆர் போறது?"

மேல்மாடியில் யாரோ குழாயை மூடினார்கள்.

கேதீசன் உறையைத் திருப்பினார்.
முன்பக்கத்தில் கண்ணாடித் தாள் ஒட்டிய சின்ன யன்னல்.
யன்னலைச் சுற்றி, இடம் பிடித்துப் பிடித்து எழுதினார்:
சனி இரவும் பாண்தான்.
ஐஸ்கிரீம் ஆளுக்கு ஒரு உருண்டை.
பல்லிடம் இருந்த மிச்சமும் வந்து சேர்ந்தது.
நாலு சீட்டு என்று போட்டு, கீழே கோடிழுத்துக் கூட்டினார்.
ஆறு யூரோ துண்டு விழுந்தது.

சாகித்யா எழும்பிப் போய்
கணித உபகரணப் பெட்டியோடு வந்தாள்.
கவராயத்துக்குக் கீழே சில்லறை.
எண்ணினாள். ஐந்து எண்பது.
மறுபடி எண்ணினாள். அதேதான்.

குசினி மூலையில் வெறும் தண்ணிப் போத்தல் ஒன்று கிடந்தது.
கடையில் திருப்பிக் கொடுத்தால் இருபத்தைந்து சதம்.
ஆதிரன் அதைத் தூக்கி வந்து
இன்னும் அடுக்காத பயணப் பைக்குள் முதல் ஆளாக வைத்தான்.
மிச்ச ஐந்து சதத்துக்கு என்ன வாங்கலாம் என்று
கேட்டுக்கொண்டே
என் மடியில் நித்திரையானான்.